கறுப்பு வேறு, வலிமை வேறு

நெதர்லாந்தில் ‘அவுட் ப்ரௌன்’ என்று ஒரு பீர் உண்டு. அடர்ந்த பழுப்பு நிறம், நல்ல இனிப்பு. ஹைனகன் நிறுவனத்தின் அவுட் ப்ரௌனில் ஆல்கஹால் வெறும் 2.5 சதவீதம்தான். அதே நாட்டில், டில்பர்க் நகருக்குப் பக்கத்திலுள்ள கோனிங்ஸ்ஹூவன் துறவி மடத்திலிருந்து வரும் ‘லா ட்ராப் ட்ரிப்பல்’ தங்க நிறத்தில் மின்னும். அதில் ஆல்கஹால் 8 சதவீதம். கறுப்பைப் பார்த்துத் தயங்கி, வெளிர்நிறமே நமக்கு ஏற்றது என்று கை நீட்டுபவர் மூன்று மடங்குக்கும் மேல் ஆல்கஹாலை உள்ளே அனுப்புகிறார். கறுத்த பீர் என்றால் கடுமையான பீர் என்று நினைப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். கண் நாக்கை முந்திக்கொள்வதால் வரும் பிழை அது.

நிறத்தைத் தருவது தானியத்தை வறுக்கும் நெருப்பு. வலிமையைத் தருவது சர்க்கரையைத் தின்னும் ஈஸ்ட். இரண்டும் தனித்தனி வேலைகள். இன்னும் சொல்லப்போனால், நெருப்பு அளவுக்கு மீறினால் ஈஸ்ட்டுக்குத் தீனி குறையும். அந்த வகையில் ஒன்றுக்கொன்று எதிரிகள் என்றே சொல்லலாம். அப்படியிருந்தும் இரண்டையும் ஒரே குவளையில் உச்சத்துக்குக் கொண்டுபோகும் பீர் வகை ஒன்று இருக்கிறது: இம்பீரியல் ஸ்டவுட். இந்த நூற்றாண்டில் அந்த வகையைப் பிடிவாதமாகச் செய்துவருபவர்களில் நெதர்லாந்தின் சிறு ஆலைக்காரர்களுக்குத் தனி இடம் உண்டு. அவர்களுடைய குவளை ஒன்றை அவசரமில்லாமல் குடித்தால் வேதியியலும் நரம்பியலும் சேர்ந்தே விளங்கத் தொடங்கும்.

நாம் எடுத்துக்கொள்ளும் பீரின் பெயர் ‘ஹெல் என் ஃபெர்டூமெனிஸ்’. நரகமும் சாபக்கேடும் என்று பொருள். ஆல்கஹால் 10 சதவீதம். ஊர் போடெக்ராஃபன், பழைய ரைன் ஆற்றங்கரையில், பாலாடைக்கட்டிக்குப் பேர்போன சிற்றூர். 2004ஆம் ஆண்டு மென்னோ ஒலிவியர் என்பவர் அங்கிருந்த பழைய காற்றாலை ஒன்றுக்குள் பீர் காய்ச்சத் தொடங்கினார். ‘டெ ஆர்க்டைஃப்’ என்ற அந்தக் காற்றாலை 1697இல் கட்டப்பட்டது. அதனால் பீர் ஆலைக்கும் ‘டெ மோலன்’ என்றே, அதாவது காற்றாலை என்றே, பெயர் வைத்தார்.

இந்த முயற்சியின் அருமை புரிய அதற்கு முந்தைய நிலவரம் தெரிய வேண்டும். இருபதாம் நூற்றாண்டு முழுக்க நெதர்லாந்தில் பெரிய ஆலைகள் சிறிய ஆலைகளை வாங்கி மூடிக்கொண்டே வந்தன. 1970களின் முடிவில் மிஞ்சியவை மிகச் சிலவே. அவற்றிலும் பெரும்பாலானவை செய்தது ஒரே மாதிரியான வெளிர்மஞ்சள் ‘பில்ஸ்’. இதைப் பொறுக்காத பீர் ரசிகர்கள் 1980இல் ‘பின்ட்’ என்ற நுகர்வோர் சங்கத்தை அமைத்தார்கள். 1985இல் காஸ்பர் பீட்டர்சன் என்ற இசைக்கலைஞர் ஆம்ஸ்டர்டாமில், டெ கோயர் காற்றாலையை ஒட்டியிருந்த பழைய பொதுக்குளியலறைக் கட்டடத்தில் ‘ஹெட் ஐ’ ஆலையைத் தொடங்கினார். அதற்குப் பிறகு கதவு திறந்துகொண்டது. இன்று நாட்டில் பல நூறு பீர் ஆலைகள் இருக்கின்றன. மிடில்புர்க் நகரின் கேஸ், ஆல்க்மார் நகரின் டெ முர்ஸ்லூடல் போன்றவை கறுத்த, கனத்த ஸ்டவுட்டுக்கென்றே பெயர் வாங்கியவை. டெ மோலனோ வளர்ந்து, பிற்பாடு ‘பவாரியா’ பீரைச் செய்யும் ஸ்விங்கெல்ஸ் குடும்ப நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. ஆனாலும் சிறு ஆலையாக இருந்த நாட்களில் பிறந்த பீர் என்பதால் ‘ஹெல் என் ஃபெர்டூமெனிஸ்’ஸை இங்கே எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. இன்னொரு காரணமும் உண்டு. டெ மோலன் தன் லேபிள்களில் எந்தெந்த மால்ட், எந்தெந்த ஹாப்ஸ் பூக்கள், கசப்பின் அளவு என்ன, நிறத்தின் அளவு என்ன என்று அச்சிட்டுவந்தது. மறைக்காமல் சொல்லும் ஆலையை ஓர் அறிவியல் நூல் தேர்ந்தெடுப்பதுதான் நியாயம்.

கறுப்பிலிருந்து தொடங்குவோம்.

பீரின் மூலப்பொருள் பார்லி. நம் வீடுகளில் குழந்தைக் கஞ்சிக்காகக் கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி எடுப்பதைப் போலத்தான் பார்லியையும் பக்குவப்படுத்துகிறார்கள். ஊறிய தானியம் சில நாட்களில் முளைவிடும். அப்போது தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளை உருவாக்கிக்கொள்ளும். முளை பெரிதாகி மாவையெல்லாம் தின்றுவிடுவதற்கு முன் சூடான காற்றில் உலர்த்தி வளர்ச்சியை நிறுத்துகிறார்கள். இதுதான் மால்ட். கடைசிக்கட்ட உலர்த்தலில் 80, 85 டிகிரியோடு நிறுத்திக்கொண்டால் வெளிர்நிற மால்ட் கிடைக்கும். நொதிகள் அதில் பிழைத்திருக்கும்.

அந்த மால்ட்டைச் சுழலும் உருளையில் கொட்டி 220 டிகிரிக்கு மேல் வறுத்தால் கறுப்பு மால்ட். சூடேறும்போது தானியத்திலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வினைபுரிந்து நூற்றுக்கணக்கான புதிய சேர்மங்களாகின்றன. 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி-கமீய் மயார் விவரித்த வினை இது. ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும், காபிக்கொட்டை கறுப்பதும், தோசையின் ஓரம் முறுகுவதும் இந்த வினையால்தான். இதன் கடைசி விளைபொருள்கள் மெலனாய்டின் எனப்படும் பெரிய பழுப்பு மூலக்கூறுகள். ஐரோப்பிய ஆலைகள் நிறத்தை ஈபிசி என்ற அலகில் அளக்கின்றன. பில்ஸ் மால்ட்டின் நிறம் அதில் 3 அல்லது 4. சாக்லேட் மால்ட் என்று பெயர் பெற்ற வறுத்த மால்ட் 900 அளவில் நிற்கும். கறுப்பு மால்ட் 1,300 வரை போகும்.

நெருப்பும் ஈஸ்ட்டும் எதிரிகள் என்று சொன்னதன் காரணம் இங்கே இருக்கிறது. அத்தனை சூட்டில் நொதிகள் செத்துவிடும். மாவுச்சத்தில் ஒரு பகுதி கருகிவிடும். மிச்சமிருப்பதிலும் ஈஸ்ட் தின்னக்கூடியது குறைவு. ஆக, தானியம் எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவுக்கு அது ஆல்கஹால் தரும் திறனை இழக்கிறது. இந்த உண்மையை லண்டன்காரர்கள் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் அங்கே ‘போர்ட்டர்’ பீரை முழுக்கப் பழுப்பு மால்ட்டில் காய்ச்சினார்கள். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அடர்த்திமானி ஆலைகளுக்குள் நுழைந்தது. அளந்து பார்த்ததும், அதே காசுக்கு வெளிர் மால்ட் எவ்வளவோ கூடுதல் சர்க்கரை தருகிறது என்று தெரிந்தது. ஆனால் வாடிக்கையாளர் கறுப்பைத்தானே கேட்கிறார்? 1817இல் டேனியல் வீலர் மால்ட் வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை பெற்றார். அந்த மால்ட்டில் கொஞ்சம் போட்டாலே அண்டா முழுக்கக் கறுத்துவிடும். அன்று முதல் கறுப்பு பீர் என்பது பெரும்பாலும் வெளிர் மால்ட்டால் ஆனது. வலிமைக்கு வெளிர் தானியம், நிறத்துக்கும் மணத்துக்கும் கையளவு கருந்தானியம். இன்றைய இம்பீரியல் ஸ்டவுட் வரை கணக்கு இதுதான்.

‘இம்பீரியல்’ என்ற அடைமொழி ரஷ்யப் பேரரசின் அரண்மனையைக் குறிப்பது. லண்டனின் த்ரேல் ஆலையில் காய்ச்சிய வலிமையான போர்ட்டர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசி கேத்தரினின் அரண்மனைக்குக் கப்பலேறியது. பால்டிக் கடலின் குளிரில் உறைந்துவிடாமல் இருக்கத்தான் ஆல்கஹாலைக் கூட்டினார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. 10 சதவீத ஆல்கஹால் உறைநிலையைச் சுமார் மைனஸ் 4 டிகிரிக்குத்தான் இறக்கும். ரஷ்யக் குளிர்காலத்துக்கு அது எந்த மூலைக்கு? நெடும்பயணத்தில் கெடாமல் இருக்க ஆல்கஹாலும் ஹாப்ஸும் உதவின என்பது நம்பும்படியான காரணம். பிரிட்டிஷ் வழித்தடங்களில் போன கறுப்பு பீர் வெப்ப நாடுகளிலும் வேரூன்றியது. நுவரெலியாவில் ஆங்கிலேயர் தொடங்கிய பீர் ஆலையின் மரபில் வரும் இலங்கையின் லயன் ஸ்டவுட், 8.8 சதவீத ஆல்கஹாலோடு இன்றும் விற்பனையில் இருக்கிறது.

இனி வலிமை. வெளிர் மால்ட்டை நொறுக்கி, 65 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் கலந்து ஒரு மணி நேரம் வைத்திருப்பார்கள். தூங்கிக்கொண்டிருந்த நொதிகள் விழித்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டத் தொடங்கும். சூட்டைச் சற்றுக் குறைவாக வைத்தால் ஈஸ்ட் முழுவதும் தின்னக்கூடிய சிறு சர்க்கரைகள் அதிகம் கிடைக்கும். 70 டிகிரியை நெருங்கினால் ஈஸ்ட்டால் தொட முடியாத நீண்ட சங்கிலிகள் மிஞ்சி, பீருக்குக் கனம் கொடுக்கும். இரண்டு மூன்று டிகிரி இப்படி அப்படிப் போனால் பீரின் குணமே மாறிவிடும். நல்ல ஸ்டவுட் செய்பவரின் கைத்திறனில் பாதி இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பேன்.

சாதாரண பில்ஸுக்கான இனிப்புச் சாற்றில் எடைக்கு 12 சதவீதம் கரைபொருள் இருக்கும். 10 சதவீத ஆல்கஹால் கொண்ட ஸ்டவுட்டுக்கு அது 24 சதவீதம் வேண்டும். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 400 கிராம் மால்ட் செலவாகும். தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கடைசிச் சொட்டுச் சர்க்கரைவரை அலசி எடுக்க முடியாது. அலசினால் சாறு நீர்த்துவிடும். எனவே முதலில் வடியும் கெட்டிச் சாற்றை மட்டும் எடுத்து மணிக்கணக்கில் கொதிக்கவைக்கிறார்கள். ஹாப்ஸ் பூக்களைச் சேர்ப்பது இந்தக் கொதியில்தான். பூவிலிருக்கும் ஆல்ஃபா அமிலங்கள் கொதிக்கும்போது வடிவம் மாறிக் கரையும் கசப்பாகின்றன.

அதற்கடுத்து ஈஸ்ட். போடெக்ராஃபன் இருக்கும் அதே தென் ஹாலந்து மாகாணத்தின் டெல்ஃப்ட் நகரில், 1680ஆம் ஆண்டு ஆன்டன் வான் லீவன்ஹூக் தன் ஒற்றை வில்லை நுண்ணோக்கியின் கீழ் நொதிக்கும் பீரை வைத்துப் பார்த்தார். சின்னஞ்சிறு உருண்டைகள் தெரிந்தன. லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். மனித இனம் ஈஸ்ட் செல்லைப் பார்த்து எழுதிவைத்தது அதுவே முதல்முறை. ஆனால் அவை உயிருள்ளவை என்று அவருக்குத் தோன்றவில்லை. தானிய மாவிலிருந்து வந்த துகள்கள் என்று எண்ணினார். அவை வளர்ந்து பெருகும் உயிர்கள் என்று சொல்ல 1837 வரை ஆயிற்று. பூமியின் மிக நுட்பமான கண்களில் ஒன்று நேருக்கு நேர் பார்த்தும் ஒன்றரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கெட்டிச் சாற்றில் விழும் ஈஸ்ட்டின் பாடு கடினமானது. வெளியே சர்க்கரை மிகுதி. எனவே சவ்வூடுபரவலால் செல்லுக்குள்ளிருந்து தண்ணீர் உறிஞ்சப்படும். அதைச் சமாளிக்க ஈஸ்ட் கிளிசராலைச் சுரந்து உள்ளே தேக்கிக்கொள்ளும். கொஞ்சம் நாள் போனால் வேறு தொல்லை. தான் வெளியேற்றிய ஆல்கஹாலே தன் செல்சவ்வைத் தாக்கும். இந்த நெருக்கடியில் இருக்கும் ஈஸ்ட் பழமணம் வீசும் எஸ்டர்களை வழக்கத்தைவிட அதிகமாக உருவாக்கும். சாற்றில் போதிய ஆக்ஸிஜன் இல்லையென்றாலோ, போட்ட ஈஸ்ட்டின் அளவு குறைந்தாலோ, சூடு ஏறிப்போனாலோ தொண்டையைச் சுடும் கனத்த ஆல்கஹால்கள் பிறந்து, பீரில் சாயக்கடை நெடி அடிக்கும். வலிமையான பீரை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். வலிமை உறுத்தாத பீரைச் செய்வது அரிது.

இப்போது குவளைக்கு வருவோம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே ஊற்ற வேண்டாம். 12 முதல் 14 டிகிரிவரை குளிர் தணியட்டும். உருண்டு, வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் பாதிக்கும் குறைவாக ஊற்றுங்கள். ஊற்றும்போதே கனம் தெரியும். சர்க்கரைச் சங்கிலிகள் மிஞ்சியிருப்பதால் திரவம் நிதானமாக விழும். நுரை வெண்மையாக இருக்காது. மெலனாய்டின்கள் கலந்து கரும்பழுப்பாக எழும். பார்லியின் புரதங்களும் ஹாப்ஸின் கசப்புப் பொருள்களும் கைகோத்து நுரையைத் தாங்குகின்றன. ஆல்கஹால் அந்தச் சுவர்களைக் குலைக்கிறது. ஆகவே நுரை சீக்கிரம் வடிந்தால் பீரைக் குறை சொல்லக் கூடாது. குவளையின் விளிம்பை வெளிச்சத்துக்குக் காட்டினால், கறுப்பு என்று நினைத்தது உண்மையில் மிக அடர்ந்த செம்பழுப்பு என்பதும் தெரியும்.

குடிப்பதற்கு முன் முகருங்கள். காபி, கறுத்த சாக்லேட், அதிமதுரம், பேரீச்சை, லேசான புகை. இந்தப் பீரில் காபியும் இல்லை, கோகோவும் இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது? மூக்குக்குத் தாவரத்தின் பெயர் தெரியாது, மூலக்கூறைத்தான் தெரியும். காபியின் மணத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்றான ஃபர்ஃபரைல்தயால், வறுத்த பார்லியிலும் உண்டாகிறது. வேர்க்கடலை வறுக்கும்போது எழும் பைரசீன்களும் அப்படியே. மனித மூக்கில் ஏறத்தாழ 400 வகை மண உணர்விகள் உள்ளன. அவற்றின் மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மூலக்கூறு பல உணர்விகளைத் தட்டும். ஓர் உணர்வி பல மூலக்கூறுகளுக்கு இசையும். எந்தெந்த உணர்விகள் சேர்ந்து தட்டப்பட்டன என்ற கோலத்தைத்தான் மூளை ‘காபி’ என்று வாசிக்கிறது. அந்தக் கோலத்தைப் பார்லி போட்டால் என்ன, காபிக்கொட்டை போட்டால் என்ன?

முதல் மிடறு. நாக்கைத் தொட்டதும் முதலில் வருவது சன்னமான குத்தல். குமிழி வெடிப்பதால் வருவது என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். புளிப்பை உணரும் செல்களின் மேலுள்ள ஒரு நொதி, கார்பன் டைஆக்சைடைப் பிளந்து அமிலமாக்குவதால் நாக்கு அதைச் சுவைக்கிறது என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. ஸ்டவுட்டில் வாயு குறைவு என்பதால் குத்தல் உடனே அடங்கி, இனிப்பு பரவும். அதன் முதுகிலேயே கசப்பு ஏறிவரும். ஹாப்ஸின் கசப்பு ஒன்று, கருகிய தானியத்தின் கசப்பு இன்னொன்று. நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளிப் புத்தகங்களில் ஒரு வரைபடம் இருந்ததே, அதை மறந்துவிடுங்கள். எல்லாச் சுவையும் நாக்கின் சுவைமொட்டுள்ள எல்லா இடத்திலும் தெரியும். கசப்புக்கென்று மட்டும் சுமார் 25 வகை உணர்விகள் நமக்கு இருக்கின்றன. இயற்கையில் நஞ்சுகள் பல வடிவில் வருவதால் காவலும் பல வடிவில்.

லேபிளில் கசப்பெண்ணைப் பார்ப்பவர்கள் மிரண்டுபோவார்கள். பில்ஸைவிட எத்தனையோ மடங்கு அதிகமாக இருக்கும். வாயிலோ அப்படித் தெரியாது. மிச்சமிருக்கும் இனிப்பு கசப்பை அமுக்குகிறது, கசப்பு இனிப்பை அமுக்குகிறது. இரண்டையும் உயர்த்திச் சமன் செய்வதுதான் இந்த வகையின் கட்டுமானம். இதை நீங்களே சோதிக்கலாம். ஒரே புட்டியிலிருந்து ஒரு குவளையை 5 டிகிரிக்குக் குளிர்வித்தும், மற்றதை 14 டிகிரியிலும் வைத்து மாறி மாறிக் குடியுங்கள். குளிர்ந்தது ஒல்லியாக, கரியின் கசப்போடு இருக்கும். மற்றது உருண்டு திரண்டு இனிக்கும். இனிப்பை உணரும் செல்களில் இருக்கும் டிஆர்பிஎம்5 என்ற வாயில், சூடு ஏற ஏறத் தாராளமாகத் திறக்கும் தன்மையுடையது; 2005இல் இது தெரியவந்தது. பெரிய ஆலைகள் தங்கள் பில்ஸைப் பனிக்குளிராகக் குடிக்கச் சொல்வதும், டெ மோலன் போன்றவர்கள் அவ்வளவு குளிரில்லாமல் குடிக்கச் சொல்வதும் வெறும் பழக்கத்தால் அல்ல. முன்னதில் குறையை ஒளிக்கலாம், பின்னதில் ஒளிக்க முடியாது.

அடுத்து நெஞ்சுவரை இறங்கும் அந்தக் கதகதப்பு. பீர் 14 டிகிரியில் இருக்கிறது. வாயோ 35 டிகிரிக்கு மேல். குளிர்ந்ததைக் குடித்துவிட்டுச் சூடு என்று எப்படிச் சொல்கிறோம்? நம் வாயின் நரம்புமுனைகளில் டிஆர்பிவி1 என்ற உணர்வி இருக்கிறது. 43 டிகிரியை ஒட்டிய சூடு பட்டால் ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. மிளகாயின் கேப்சைசின் அதே உணர்வியைத்தான் தட்டுகிறது. 1997இல் அதைப் பிரித்தறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பெற்றார். ஆல்கஹால் வேறொன்றைச் செய்கிறது: அந்த உணர்வி விழித்துக்கொள்ளும் வெப்ப அளவையே சுமார் 34 டிகிரிக்கு இறக்கிவிடுகிறது. வாயின் சொந்தச் சூடே இப்போது சுடுவதாகத் தெரிகிறது. நம் அறுசுவைக் கணக்கில் கார்ப்புக்கு இடம் உண்டு. மேற்கத்திய உடலியல் அதை நாக்கின் சுவையாகச் சேர்க்காமல் வலி நரம்பின் கணக்கில் வைக்கிறது. துவர்ப்புக்கும் அதே கதி. வறுத்த தானியத்தின் பாலிஃபீனால்கள் எச்சில் புரதங்களைப் பிடித்துத் திரளவைப்பதால் வாய் வறளும் உணர்வு அது. இந்தக் குவளையைப் பொறுத்தவரை நம் முன்னோர் போட்ட கணக்கே எனக்கு உபயோகமாகப் படுகிறது. கார்ப்பையும் துவர்ப்பையும் கழித்துவிட்டால் இம்பீரியல் ஸ்டவுட்டில் பாதி காணாமல் போகும்.

விழுங்கிய பிறகு வாயை மூடி, மூக்கு வழியாக மெதுவாக மூச்சு விடுங்கள். உள்ளே போனதன் ஆவி தொண்டையின் பின்வாசல் வழியாக மூக்குக்கு ஏறும். அப்போது தெரிவது முதலில் முகர்ந்ததிலிருந்து வேறாக இருக்கும். எச்சிலின் நொதிகளும் வாயின் சூடும் அதற்குள் வேலையைக் காட்டியிருக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு குடித்தால் இனிப்பும் கசப்பும் எரிவும் மட்டுமே மிஞ்சும். விரலை எடுத்த நொடியில் சாக்லேட் வந்து நிற்கும். நாம் ருசி என்று நாக்குக்குக் கொடுக்கும் பெயரில் பெரும்பங்கு மூக்குக்குச் சேர வேண்டியது.

குவளையில் ஏன் குறைவாக ஊற்றச் சொன்னேன்? 330 மில்லி புட்டியில் 10 சதவீதம் என்றால் 33 மில்லி ஆல்கஹால். எடையில் 26 கிராம். நெதர்லாந்தின் வழக்கமான அளவுக் குவளையில் இருப்பது 10 கிராம். ஒரே புட்டி இரண்டரைக் குவளைக்குச் சமம். அந்நாட்டின் சுகாதார ஆலோசனைக் குழு 2015இல் தந்த வழிகாட்டுதல், மது அருந்தாதீர்கள், அருந்தினாலும் நாளுக்கு ஒரு குவளைக்கு மேல் வேண்டாம் என்பது. ஆல்கஹால் பானங்கள் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. சிறு ஆலையில் செய்தது, கைப்பக்குவம் மிக்கது என்பதற்காக எத்தனால் தன் குணத்தை மாற்றிக்கொள்ளாது. இதை ஒரு பீர் பற்றிய அத்தியாயத்தில் சொல்லாமல் விடுவதை நான் நேர்மையாகக் கருதவில்லை. ருசியின் பக்கமிருந்து பார்த்தாலும் குறைவே சரி. சில மிடறுகளுக்குள் மண உணர்விகள் பழகிப்போய்த் தளர்ந்துவிடும். ஒரு புட்டியை மூன்று பேர் பகிர்ந்தால் மூவருக்குமே பீர் முழுதாகக் கிடைக்கும்.

டெ மோலன் தன் ஸ்டவுட்டுகளில் சிலவற்றை அமெரிக்க போர்பன் விஸ்கி ஊறிய பீப்பாய்களில் மாதக்கணக்கில் வைத்தெடுத்தது. அமெரிக்கச் சட்டப்படி போர்பனை உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலனில்தான் ஊறவைக்க வேண்டும். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் போர்பனுக்கு மறுபடி ஆகாது. அவை கடல் கடந்து வருகின்றன. கருகிய மரத்தின் லிக்னின் சிதைந்து வனிலின் தருகிறது. ஓக்கின் லாக்டோன்கள் தேங்காய் மணம் தருகின்றன. வறுத்த மால்ட்டோடு இவை இணங்கிப்போவது இயல்பு. இரண்டுமே நெருப்பில் பிறந்தவை. இன்னொரு போக்கு எனக்கு உவப்பாக இல்லை. வெனிலா, தேங்காய்த்துருவல், பாலின் லாக்டோஸ் என்று போட்டு ஸ்டவுட்டைக் கேக் மாதிரி ஆக்குகிறார்கள். லாக்டோஸை பீர் ஈஸ்ட்டால் தின்ன முடியாது; அப்படியே இனிப்பாக நின்றுவிடும். எதிரில் நிற்க வேண்டிய கசப்பு தோற்றுப்போகும். மால்ட்டும் தண்ணீரும் ஹாப்ஸும் ஈஸ்ட்டும் கருகிய பீப்பாயும் சேர்ந்து வெனிலாவையும் சாக்லேட்டையும் வரவழைக்க முடியும் என்று தெரிந்த பிறகு, அவற்றைப் பொட்டலம் பிரித்துக் கொட்டுவதில் என்ன திறமை இருக்கிறது?

வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். ஒன்றை இப்போது குடித்துவிட்டு, மற்றதை இருட்டில், குளிர்ந்த இடத்தில், நிமிர்த்தி வையுங்கள். 25 ஆண்டுகளுக்குள் அருந்தலாம் என்று அச்சிட்ட டெ மோலன் புட்டிகள் உண்டு. வெளிர் பீருக்கு இந்தத் துணிவு வராது. மூடி வழியே ஊடுருவும் ஆக்ஸிஜனால் அதில் நனைந்த அட்டை நெடி எழும். அதன் காரணமான நொனெனலை ஒரு லிட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு கிராம் அளவிலேயே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஸ்டவுட்டில் மெலனாய்டின்கள் ஆக்ஸிஜனேற்றத்தைத் தாங்கிக்கொள்கின்றன. மீறி வருவதையும் வறுத்த மணம் மூடிவிடுகிறது. ஆண்டுகள் போகப் போக ஹாப்ஸின் கசப்பு சிதைந்து இளகும். பேரீச்சையும் உலர்திராட்சையும் முன்னுக்கு வரும். ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி மதுவின் மணம் தலைகாட்டினால் முதுமை நல்லபடியாக நடக்கிறது என்று கொள்ளலாம். சோயா சாஸ் நெடி அடித்தால் அடியிலிருந்த ஈஸ்ட் செத்து உடைந்து தன் அமினோ அமிலங்களைக் கொட்டியிருக்கிறது. அந்த நிலைக்கு வந்த புட்டியை இனி எத்தனை ஆண்டு வைத்தாலும் தேறாது. அதே தொகுதியில் மிச்சம் இருப்பவற்றை அந்தக் குளிர்காலத்துக்குள் திறந்துவிடுங்கள்.